கமாண்டன்ட் கையில் கிஸ்திக் கணக்கு: திருநெல்வேலிச் சீமையில் கான் சாகிப்

திருநெல்வேலிப் பக்கம் கான் சாகிப்பின் பேச்சை எடுத்தால் ஊருக்கு ஒரு பதில் வரும். வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் வட்டாரத்தில் அவர் நெற்கட்டுஞ்செவல் பாளையக்காரர் பூலித்தேவரின் கோட்டைகளை உடைத்த ஆங்கிலக் கம்பெனிப் படைத்தலைவர். வடக்கே மதுரைக்குப் போனால் அவரே கும்பினியை எதிர்த்துத் தூக்குமேடை ஏறிய மருதநாயகம். இரண்டும் நடந்ததுதான். 1761-இல் பூலித்தேவரை வீழ்த்தியவர் 1764-இல் வெள்ளைக்காரர் கையில் மாண்டார். மூன்று வருஷத்தில் ஒரு மனிதர் எப்படி இப்படித் தலைகீழாக மாறினார் என்று கேட்டால் மானம், பேராசை, துரோகம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்கு இவை எதுவும் போதுமானதாகத் தெரியவில்லை. இடையில் அவர் பார்த்த வேலை என்ன, அந்த உத்தியோகம் எப்படி அமைந்திருந்தது என்பதைப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். படைத்தலைவராக வந்தவர் இந்தச் சீமையின் வரிக் குத்தகைதாரராகவும் ஆட்சியாளராகவும் உட்கார்ந்தார். அங்கேதான் முடிச்சு இருக்கிறது.

முதலில் இந்தச் சீமைக்கு வரி வசூலிக்க ஒரு படைத்தலைவர் ஏன் தேவைப்பட்டார் என்று பார்ப்போம். மதுரை நாயக்கர் ஆட்சி 1730-களில் சந்தா சாகிப் கையில் முடிந்த பிறகு தெற்குச் சீமை ஆற்காட்டு நவாபின் கணக்கில் சேர்ந்தது. கணக்கில் மட்டும்தான். பணம் விளையும் இடம் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தாமிரபரணிக் கரையில் அணைக்கட்டுகளும் கால்வாய்களும் வைத்து கார், பிசானம் என்று இரண்டு போகம் எடுக்கும் நஞ்சை ஊர்கள்தான் சீமையின் களஞ்சியம். ஆனால் அந்த ஊர்களைச் சுற்றி மேற்கே மலையடிவாரத்தில் மறவர் பாளையங்கள், கிழக்கே கரிசலில் நாயக்கர் பாளையங்கள். நெற்கட்டுஞ்செவல், சிவகிரி, ஊத்துமலை, சொக்கம்பட்டி ஒரு பக்கம். பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம் மறுபக்கம். பாளையக்காரர் மேலே கப்பம் கட்ட வேண்டும் என்பது ஏட்டில் உள்ள விதி. அவர்கள் ஊர்களிடம் காவல் கூலி வாங்கினார்கள் என்பது நடப்பு. திசைக்காவல், தலக்காவல் என்று குடியானவனிடமிருந்து போகும் பங்கு போகத்தான் மற்றவருக்கு. அறுவடைக் காலத்தில் யாருடைய ஆட்கள் களத்துமேட்டில் நிற்கிறார்களோ அவர்களுக்குத்தான் நெல். ஆற்காட்டில் உட்கார்ந்துகொண்டு சீட்டு அனுப்பினால் ஒரு மரக்கால்கூட நகராது.

நவாப் முகமது அலிக்கோ பணம் உடனடியாக வேண்டியிருந்தது. சந்தா சாகிப்பையும் பிரெஞ்சுக்காரரையும் எதிர்த்து நடந்த சண்டைக்கு ஆங்கிலக் கம்பெனி படை கொடுத்தது. அந்தச் செலவு முழுவதும் நவாபின் பெயரில் கடனாக ஏறியது. அந்தக் கடனுக்கு ஈடாகக் கம்பெனி கண் வைத்தது தெற்குச் சீமையின் வருமானத்தில். 1755-இல் கர்னல் ஹெரான் ஒரு படையோடு மதுரை, திருநெல்வேலி வரை வந்தார். கூடவே நவாபின் அண்ணன் மாபூஸ்கான். அந்தப் படையில் சிப்பாய்களின் தலைவராக வந்தவர்தான் யூசுப் கான், பின்னாளின் கான் சாகிப்.

அவர் அதுவரை வந்த பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இராமநாதபுரம் பக்கத்துப் பனையூரில் பிறந்தவர், பிறப்பால் வேளாளர், பிறகு இஸ்லாத்துக்கு மாறினார் என்பது வழக்கு. (சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு பனையூர் உண்டு. அது பூலித்தேவரின் கோட்டைகளில் ஒன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.) கிளைவின் படையில் சேர்ந்து, திருச்சிராப்பள்ளி முற்றுகைக் காலத்தில் ஸ்டிரிங்கர் லாரன்சின் கீழ் பெயர் எடுத்தார். எதிரிகள் சூழ்ந்த கோட்டைக்குள் அரிசியும் ஆட்டுமந்தையும் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அவருடைய பெரிய வேலை. வழி தெரிய வேண்டும், ஒற்றர் வேண்டும், கிராமத்தாரோடு பேசத் தெரிய வேண்டும். பின்னாளில் வரி வசூலுக்கு உதவிய திறமை எல்லாம் அங்கே தீட்டப்பட்டவை. 1754-இல் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டன்ட் ஆனார். தங்கப் பதக்கமும் கிடைத்தது.

அந்தக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை மட்டும் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். திருச்சியில் லாரன்சின் துபாஷி ஒருவர், லாரன்சுக்கும் ஊர்க்காரருக்கும் இடையில் நின்று எல்லாப் பேச்சையும் மொழிபெயர்த்தவர், மைசூர் தளவாயிடம் விலை போனார். யூசுப் கான் மைசூருக்குக் கோட்டையைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று தோன்றும்படி ஒரு கள்ளக் கடிதம் தயாரித்து, அது ஆங்கிலேயர் கையில் சிக்கும்படி போட்டுவிட்டார்கள். யூசுப் கான் சந்தேகத்துக்கு உள்ளாகி விசாரணையை எதிர்கொண்டார். கடைசியில் சதி வெளிப்பட்டு, துபாஷியைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுக் கொன்றார்கள். அன்றைக்கு அவர் தப்பினார். ஆனால் பத்துச் சண்டையில் சம்பாதித்த நம்பிக்கை ஒரு துண்டுக் கடிதத்தில் ஆட்டம் காணும் என்பதை அவர் நேரிலேயே பார்த்துவிட்டார்.

சரி, 1755-க்குத் திரும்புவோம். ஹெரானின் பயணம் கம்பெனிக்கே தலைகுனிவாக முடிந்தது. நெற்கட்டுஞ்செவலின் முன் வந்து நின்றார், மதிலை உடைக்கத் தகுந்த பீரங்கி இல்லை, பூலித்தேவர் பணம் தர மறுத்தார், திரும்பிப் போனார். மதுரைப் பக்கம் கோவில்குடிக் கோயிலிலிருந்து படைக்காரர்கள் சாமி சிலைகளைத் தூக்கிவந்தார்கள். நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்துப் பெரிய அடி கொடுத்தார்கள். ஹெரானை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி வேலையை விட்டே அனுப்பினார்கள். போவதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்திருந்தார். மதுரை, திருநெல்வேலி இரண்டு சீமைகளையும் வருஷத்துக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மாபூஸ்கானுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்.

இந்தக் குத்தகை முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குத்தகை எடுப்பவர் ஒரு தொகையைக் கிஸ்தி கிஸ்தியாக, அதாவது தவணை தவணையாக, கட்டுவதாக ஒப்புக்கொள்வார். சீமையில் எவ்வளவு வசூலானாலும் அந்தத் தொகை போக மிச்சம் அவருக்கு. குறைந்தால் நஷ்டமும் அவருக்கே. வசூலுக்குத் தேவையான ஆள், படை, குதிரை, தீனி எல்லாம் அவர் பொறுப்பு. அமைதியான ஊரில் இது வியாபாரம். பாளையக்காரர் ஆயுதத்தோடு நிற்கும் சீமையில் இது போர்ச்செலவை ஒரு தனி மனிதர் தலையில் கட்டுவது. மாபூஸ்கானால் முடியவில்லை. அவருடைய குதிரைப்படைக்கே சம்பளப் பாக்கி. பூலித்தேவரும் மதுரையில் இருந்த பட்டாணியத் தலைவர்களும் ஒன்று சேர்ந்தார்கள். நவாபின் அண்ணனே கொஞ்ச நாளில் தம்பிக்கு எதிராகத் திரும்பிப் பூலித்தேவரின் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

1756-இல் நிலைமையைச் சீர்செய்ய யூசுப் கானைக் கம்பெனி திருநெல்வேலிக்கு அனுப்பியது. வரிக் குத்தகை வேறொருவரிடம், படை இவரிடம். கேட்பதற்குச் சரியான ஏற்பாடு மாதிரி இருக்கும். நடைமுறையில் படைக்குச் சம்பளம் குத்தகைதாரர் தர வேண்டும். குத்தகைதாரருக்கு வசூல் ஆக வேண்டுமென்றால் படை போக வேண்டும். வசூல் இல்லை என்று அவர் கையை விரித்தால் இவருடைய சிப்பாய் பட்டினி. சிப்பாய் நகராவிட்டால் அவருக்கு வசூல் இல்லை. அதற்குள் மதுரைக் கோட்டை வேறு கைமாறிவிட்டது. 1757-இல் காப்டன் கல்லியோ முற்றுகையிட்டும் சண்டையில் அதைப் பிடிக்க முடியாமல், 1,70,000 ரூபாய் கொடுத்துத்தான் திரும்ப வாங்கினார்கள்.

1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது யூசுப் கானை அவசரமாக வடக்கே அழைத்துக்கொண்டார்கள். செங்கற்பட்டுப் பக்கம் நின்று பிரெஞ்சுப் படைக்கு வரும் தீனிப்பாதையை அறுத்துக்கொண்டே இருந்தார். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையை விட்டுப் போனார். ஆனால் யூசுப் கான் இல்லாத அந்தச் சில மாதங்களில் தெற்கே மதுரை, பாளையங்கோட்டை இரண்டு கோட்டைகளைத் தவிர மற்றதெல்லாம் கைவிட்டுப் போயிருந்தது. கம்பெனிக்கு இது போதுமான பாடம். படையும் வரியும் ஒரே கையில் இருந்தால்தான் தெற்கு நிற்கும், அந்தக் கை யூசுப் கானுடையதாகத்தான் இருக்க முடியும் என்று சென்னைக் கவுன்சில் முடிவு செய்தது. வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகை. நாலு வருஷத்துக்கு முன் மாபூஸ்கானுக்கு எழுதிய 15 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சீமையின் உண்மையான நிலை கம்பெனிக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது.

இனி அவர் கான் சாகிப். இந்த மூன்று வருஷ ஆட்சியைப் பற்றித்தான் நம் பக்கம் குறைவாகப் பேசுகிறோம். திருநெல்வேலி ஊர் அப்போது கோயிலும் கடைத்தெருவும் கொண்ட திறந்த ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டையில்தான் மதில். அந்தக் கோட்டையைப் பலப்படுத்தி, அங்கே படையை நிறுத்தி, ஆற்றங்கரை நஞ்சை ஊர்களைக் காவலுக்குள் கொண்டுவந்தார். களத்தில் நெல் குவியும் நேரத்தில் பாளையத்து ஆட்கள் இறங்காமல் பார்த்துக்கொண்டால் பாதி நிர்வாகம் முடிந்தது. மீதி ஏரி, கால்வாய் மராமத்து, நெசவுக்கு ஆதரவு. மதுரையில் மீனாட்சி கோயிலின் வருமானத்தை ஒழுங்குபடுத்தி, பூசைக்கு அரசுப் பணத்திலிருந்து ஆண்டுதோறும் படி ஒதுக்கினார். 1760-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியில் படை இறக்கி ஆழ்வார்திருநகரி வரை வந்தபோது அவர்களைத் திரும்பக் கப்பலேற வைத்ததும் அவர்தான்.

அவர் இறந்து இருபது வருஷம் கழித்து, 1783-இல் இந்தச் சீமையில் படை நடத்திய கர்னல் ஃபுல்லார்ட்டன் அவரைப் பற்றி எழுதிவைத்தார். நீதியில் குறை சொல்ல முடியாதவர், சொன்ன சொல் மாறாதவர், குற்றம் செய்தவனுக்குத் தப்பிக்க இடம் விடாதவர் என்பது அதன் சாரம். கம்பெனி போர் தொடுத்து வீழ்த்திய ஒருவரைக் கம்பெனி அதிகாரியே இப்படிப் புகழ்ந்திருப்பதால் நான் அதற்கு அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

ஆனால் அந்த ஆட்சிக்கு விலை கொடுத்தவர்கள் மேற்கே இருந்தார்கள். பூலித்தேவரை அடக்காமல் கிஸ்தி கட்ட முடியாது. 1759-இல் திருவிதாங்கூர் ராஜாவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். அதற்குக் கூலியாகக் களக்காட்டுப் பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வருஷக் கடைசியில் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டார். பாளையத்துக் கோட்டை என்றதும் கல் மதிலை நினைக்கக் கூடாது. குழைத்த மண்ணை அடுக்கடுக்காக வைத்து வெயிலில் இறுகவிட்ட கனத்த சுவர். வெளியே அடர்ந்த முள்வேலி. கல் மதிலில் குண்டு பட்டால் கல் சிதறிச் சரியும். இந்த மண் சுவரில் குண்டு போய்ப் புதையும், அவ்வளவுதான். ஒரு இடத்தில் உடைப்பு விழுந்தாலும் இரவோடு இரவாக அடைத்துவிடுவார்கள். அங்கே நுழைய முயன்ற சிப்பாய்களை ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளமுள்ள ஈட்டிகளோடு மறவர்கள் எதிர்கொண்டார்கள். வெளியே காட்டிலிருந்து பூலித்தேவரின் ஆட்கள் வந்து முகாமைத் தாக்கினார்கள். கான் சாகிப் பின்வாங்கினார். திருச்சி முற்றுகையில் பெயர் எடுத்தவர், சென்னையில் லாலியின் பாதையை அறுத்தவர், இந்த மண் கோட்டையிடம் தோற்றுத் திரும்பியதை நெற்கட்டுஞ்செவல்காரர்கள் பெருமையோடு சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

கனமான பீரங்கிகளோடு மறுபடியும் வந்து, 1761 மே மாதம் நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றையும் பிடித்தார். பூலித்தேவர் தப்பிப் போனார். சங்கரன்கோவில் கோயிலுக்குள் போய் மறைந்தார் என்று அந்தப் பக்கத்து மக்கள் இன்றும் நம்புகிறார்கள். கான் சாகிப்பை முழு வீரராக மட்டும் காட்ட நினைப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். அது சரியில்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்படும் நல்லாட்சிக்கு வேண்டிய பணம் அந்தக் கோட்டைகள் விழுந்த பிறகுதான் தடையில்லாமல் வந்தது.

அப்புறம்தான் சிக்கல் ஆரம்பித்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. பிரெஞ்சுக்காரர் பயம் இருந்தவரை கம்பெனிக்குக் கான் சாகிப் தேவைப்பட்டார். நவாப் வாயைத் திறக்கவில்லை. பயம் தீர்ந்ததும் நவாப், “சீமை என்னுடையது, குத்தகைப் பணம் என்னிடம் வர வேண்டும், என் ஆளாக அவர் இருக்க வேண்டும்” என்ற கோரிக்கையை எடுத்தார். கம்பெனிக்குத் தன் கடன் நவாபிடமிருந்துதான் திரும்ப வர வேண்டும். ஆகவே அது நவாபின் பக்கம் சாய்ந்தது. இனி கான் சாகிப் நவாபின் குத்தகைதாரர், கிஸ்தியை நவாபுக்குக் கட்ட வேண்டும் என்று முடிவானது.

இதில் உள்ள கஷ்டத்தை அவர் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். அவர் கம்பெனியின் கமாண்டன்ட். பதக்கமும் பதவியும் கம்பெனி கொடுத்தவை. வரியில் அவர் நவாபின் ஆள். படையில் உள்ளவர்கள் அவரிடம் நேரடியாகச் சம்பளம் வாங்குபவர்கள். பாளையங்களோடு நடந்த சண்டைச் செலவைக் குத்தகைத் தொகையில் கழிக்கலாமா கூடாதா என்று கேட்டால் கம்பெனியும் நவாபும் வேறு வேறு பதில் சொல்வார்கள். யாருக்குக் கணக்குக் கொடுப்பது என்பதே தீராத இடத்தில் எந்தக் கணக்கும் நேராகாது. ஒரு பக்கம் பணிந்தால் மறுபக்கம் துரோகம் என்று எழுதும். திருச்சியில் ஒரு கடிதத்தால் உயிர் போகப் பார்த்தவருக்கு இந்த எழுத்துகளின் அர்த்தம் தெரியாமல் இருந்திருக்காது.

அவர் செய்தது அவருடைய நிலையில் இருந்தவர் செய்யக்கூடியதுதான். வருஷத்துக்கு 7 லட்சம் தருகிறேன், இன்னும் நாலு வருஷத்துக்குக் குத்தகையை நீட்டித் தாருங்கள் என்று கேட்டார். சீமையின் வருமானத்தை அவர் எந்த அளவுக்கு உயர்த்தியிருந்தார் என்பதற்கு இந்த எண்ணே சாட்சி. கூடுதலாகத் தர முன்வந்ததே அவர் மேல் சந்தேகத்தையும் கிளப்பியிருக்கும் என்று நினைக்கிறேன். இவ்வளவு தர முடிந்தவர் எவ்வளவு எடுக்கிறார் என்ற கேள்வி எழாமல் இருக்காது. கேட்டது கிடைக்கவில்லை. இதற்கிடையில் 1762 கடைசியில் திருவிதாங்கூரோடு சண்டைக்குப் போனார். அது கம்பெனியின் நட்பு ராஜ்யம், உத்தரவும் வாங்கவில்லை. தன் மேல் எழுந்த சந்தேகத்துக்குத் தானே ஆதாரம் கொடுத்தது போல ஆனது. அவர் செய்தவற்றில் நான் பெரிய தவறாக எண்ணுவது இதைத்தான்.

1763 பிப்ரவரியில் பாரிசில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதான உடன்படிக்கை செய்தன. அதில் முகமது அலியைக் கர்நாடகத்தின் சட்டப்படியான நவாப் என்று இரண்டு நாடுகளும் ஒப்புக்கொண்டன. நவாபையும் கம்பெனியையும் எதிர்த்துக் கான் சாகிப் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றியபோது, அந்தக் கொடிக்குரிய நாடு ஏற்கெனவே எதிரியின் பக்கம் கையெழுத்துப் போட்டிருந்தது. மார்சான் என்ற பிரெஞ்சு அதிகாரியும் அவனோடு கொஞ்சம் ஆட்களும்தான் அவருக்குக் கிடைத்த பிரெஞ்சு உதவி.

1763-இல் கர்னல் மான்சன் தலைமையில் வந்த முதல் முற்றுகையை மழைக்காலம் வரை தாங்கி முறியடித்தார். அடுத்த வருஷம் மேஜர் சார்லஸ் காம்பெல் வந்தார். பாளையங்கோட்டை கையை விட்டுப் போனது. தெற்கிலிருந்து நெல்லும் பணமும் வரும் வழி அடைபட்டது. 1764 ஜூனில் மதுரை மேல் நடந்த நேரடித் தாக்குதலையும் அவர் தடுத்துவிட்டார். அதன் பிறகு ஆங்கிலேயர் கோட்டையைச் சுற்றி அடைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். உள்ளே சோறு தீர்ந்தது. அக்டோபரில் அவருடைய திவான் சீனிவாச ராவும், மருத்துவர் பாபா சாகிப்பும், மார்சானும் சேர்ந்து அவரைக் கட்டி ஒப்படைத்தார்கள். கம்பெனி விசாரிக்கவில்லை. நவாபின் கலகக்காரக் குடி என்று நவாபிடமே விட்டது. 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிட்டார்கள். உடலைத் துண்டாக்கி ஊர் ஊருக்கு அனுப்பினார்கள், ஒரு பகுதி பாளையங்கோட்டைக்கு வந்தது என்ற பேச்சு வழிவழியாக உண்டு. மதுரை சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது.

அவர் போன பிறகு நவாபின் ஆட்கள் திருநெல்வேலிக்கு வந்தார்கள். பாளையக்காரர்கள் பழைய இடங்களுக்குத் திரும்பினார்கள். 1767-இல் கர்னல் டொனால்ட் காம்பெல் மறுபடியும் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு அதே வாசுதேவநல்லூர் மண் சுவரின் முன் வந்து நிற்க வேண்டியிருந்தது. சிப்பாய்ப் படைகள் ஐரோப்பிய அதிகாரிகளின் கீழ் போயின. பாளையங்களின் கப்பத்தை வாங்கும் வேலையை 1792-இல் கம்பெனி நேரடியாக எடுத்துக்கொண்டது. 1799-இல் பாஞ்சாலங்குறிச்சி விவகாரம் முற்றியபோது, கட்டபொம்மனிடம் கப்பப் பாக்கி கேட்டு எழுதியவர் கலெக்டர் லூஷிங்டன். படையோடு போய் அவரைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டவர் மேஜர் பானர்மேன். கான் சாகிப் ஒருவரே பார்த்த வேலை இப்போது இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. இருவருக்கும் சம்பளம் சென்னையிலிருந்து வந்தது. இருவரில் ஒருவரும் குத்தகைதாரர் இல்லை.